சீசன் கைவிட்ட மாதங்களில் ஆட்களைக் காப்பது: கொடைக்கானல் லாட்ஜுகளுக்கு ஒரு வழிமுறை

ஏப்ரல், மே வசூலை வைத்து வருஷம் முழுக்க ஓட்டுவதுதான் கொடைக்கானல் லாட்ஜ் தொழில். அந்த இரண்டு மாதமும் இப்போது நிச்சயமில்லை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி, வந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. இது போக, ஐப்பசி கார்த்திகை மழையில் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு மரம் சாய்ந்தாலே அன்றைய புக்கிங் போச்சு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலைப்பாதைகள் அடைபட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வழிமுறை 8 முதல் 15 பேர் வேலை பார்க்கும் இடங்களுக்கானது. இந்த அளவில் முதலாளியே மேனேஜர், முதலாளியே கணக்கர். ஆட்களை உலுக்குவது சம்பளம் குறைந்ததைவிட, அடுத்த வாரம் வேலை உண்டா என்று தெரியாமல் இருப்பதுதான். அதனால் தொகையையும் தேதியையும் முன்கூட்டியே முடிவு செய்து வாய்விட்டுச் சொல்வதுதான் இங்கே பாதி வேலை.

முதலில் உங்களுக்கே தெரிய வேண்டிய எண்

எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? ஒரு ரூம்கூடப் போகாவிட்டாலும் கட்டியே தீர வேண்டிய மாதச் செலவை எழுதுங்கள். 12 ரூம், 11 ஆட்கள் உள்ள ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 1,54,000. குத்தகையில் மாதப் பங்கு 80,000. கரண்ட், இன்டர்நெட் 22,000. வங்கித் தவணை 38,000. இஎஸ்ஐ எனும் ஊழியர் காப்பீட்டில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அது சுமார் 5,000. மொத்தம் 2,99,000. நாளுக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வங்கியில் 5,10,000 இருக்கிறது. இதில் 90,000 வரப்போகும் விருந்தினர் கட்டிய முன்பணம். அது உங்கள் பணமல்ல. ரோடு அடைபட்டால் திருப்பிக் கேட்பார்கள். மிச்சம் 4,20,000, ஆக 42 நாள். பெரும்பாலான லாட்ஜ்களில் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான்: முன்பணத்தையும் கையிருப்பில் சேர்த்து நிம்மதியாக இருந்துவிட்டு, ரத்து வந்ததும் சம்பளப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். முன்பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

இந்த எண்ணை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாருங்கள். 60-க்கு மேல் என்றால் எதையும் தொட வேண்டாம். 60-க்குக் கீழே வந்தால் முதலாளி எடுக்கும் தொகையைப் பாதியாக்கி, பெயின்ட், புது டிவி போன்றவற்றைத் தள்ளிப்போடலாம். 30-க்குக் கீழே போனால் வேலை நாட்களைக் குறைப்பது பற்றி ஆட்களிடம் பேசியாக வேண்டும். 10-க்கு வந்த பிறகு பேசினால் அது பேச்சுவார்த்தையாக இருக்காது, கெட்ட செய்தியாகத்தான் இருக்கும்.

சீசனில் ஒதுக்குவதும் எளிய கணக்குதான். ஏப்ரல், மே 61 நாளும் அன்றன்றைய வசூலில் 5,000 ரூபாயை வேறு கணக்கில் போட்டால் 3,05,000 சேரும். மேலே சொன்ன லாட்ஜுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். மாதக் கடைசியில் மொத்தமாக ஒதுக்கலாம் என்று விட்டால் அது நடக்காது.

ஆட்களிடம் சொல்லும் விதம்

செக்-அவுட் முடிந்து செக்-இன் தொடங்குவதற்குள், 11.30 வாக்கில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நிற்க வைத்துப் பேசினால் திட்டு வாங்குவதுபோல இருக்கும். பத்து நிமிஷம் போதும். தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அடுத்து எப்போது பேசுவோம், இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பேச்சு இப்படி இருக்கலாம்:

"இந்த மாசம் புக்கிங் பாதிதான். இந்த மாசச் சம்பளமும் அடுத்த மாசச் சம்பளமும் தனியா எடுத்து வச்சாச்சு, ஏழாந்தேதி வந்துரும். அதுக்கப்புறம் எப்படின்னு எனக்கே இன்னும் தெரியல. பதினெட்டாந்தேதி இதே நேரம் உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் யாரையும் நிறுத்த மாட்டேன்."

பதினெட்டாம் தேதி சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் கூட்டம் நடக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வதந்தி கிளம்பிவிடும். "பாத்துக்கலாம்", "நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்ற இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அதைக் கேட்டவுடன் விவரம் தெரிந்த ஆள் மூஞ்சிக்கல் பக்கம் வேறு லாட்ஜில் வேலை விசாரிக்கப் போய்விடுவார். இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவது அதைவிட மோசம். கேட்டவர் தூங்க மாட்டார், பதில் கேட்கவும் முடியாது.

வேலை நாளைக் குறைப்பதாக இருந்தால்

ஆளைக் குறைக்காமல் நாளைக் குறையுங்கள். மாதம் 26 நாளை 22 ஆக்கினால் 1,54,000-இல் சுமார் 23,700 மிச்சம். இது ஒன்றரைப் பேருடைய சம்பளத்துக்கும் சற்று மேல். ஒன்றரைப் பேரை வீட்டுக்கு அனுப்பினால் மிச்சமுள்ளவர்களின் நிம்மதியும் போகும், சீசனில் புது ஆளைப் பழக்கும் செலவும் சேரும். குறைப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்கட்டும், முதலாளியின் தம்பிக்கும் சேர்த்து. எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று தாளில் எழுதிச் சம்மதக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். நாள் சம்பளம் அரசின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்து இஎஸ்ஐ கட்டும் இடங்களில், நோய்க்கால உதவித்தொகை பெற ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் ஒரு கணக்கு, அக்டோபர்–மார்ச் இன்னொரு கணக்கு. சராசரியாக மாதம் 13 நாள். அதற்குக் கீழே இறங்கினால், அந்த ஆள் பிறகு காய்ச்சலில் படுக்கும்போது 70 சதவீதச் சம்பளம் கிடைக்காமல் போகும். மழைக்காலத்தில் லாட்ஜையே மூடுபவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

டியூட்டி அட்டவணையை இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். ஓய்வு நாள் முன்கூட்டியே தெரிந்தால் வில்பட்டிக்காரர் கேரட் அறுப்புக்கோ, பூம்பாறைக்காரர் பூண்டு வேலைக்கோ கூலிக்குப் போய் அந்த நாளை ஈடுகட்டுவார். "போன் பண்றேன், தேவைன்னா வா" என்று சொல்லி வைத்தால் லாட்ஜ் கூலியும் இல்லை, தோட்டக் கூலியும் இல்லை. வரச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பினால் அரை நாள் சம்பளம் என்று விதி வையுங்கள். அந்தச் செலவே உங்களைச் சரியாகத் திட்டமிட வைக்கும்.

கவுன்ட்டரில் விழும் ஏச்சு

இ-பாஸ் கிடைக்காதவர் போனில் கத்துவது முதலாளியிடம் அல்ல, கவுன்ட்டரில் இருக்கும் இருபத்திரண்டு வயசுப் பையனிடம். அவன் "முதலாளியைக் கேக்கணும் சார்" என்று மூன்று தடவை சொல்வதற்குள் அவனுடைய தாயையும் இழுத்துவிடுவார்கள். இதற்கு ஆறுதல் வார்த்தையைவிட அதிகாரம்தான் மருந்து. பணத்தைத் திருப்பித் தரும் விதியை நான்கு வரியில் அச்சடித்து புக்கிங் மெசேஜிலேயே அனுப்புங்கள். 2,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் திருப்பித் தரலாம் என்று பையனிடம் சொல்லி வையுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் "அப்புறம் பேசுறோம் சார்" என்று போனை வைக்கலாம், அதற்காக அவனைக் கேள்வி கேட்க மாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாற்காலி போட மறக்காதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது.

குளிர், ஈரம், கடன்

மார்கழியில் பச்சைத் தண்ணீரில் பினாயில் கலந்து பத்து பாத்ரூம் கழுவும் அக்காவின் விரல்களைப் பாருங்கள்: கணுவில் வெடிப்பு, நகத்தோரம் வெள்ளையாக ஊறியிருக்கும். ஒரு வாளி வெந்நீரும், மாதம் இரண்டு ஜோடி ரப்பர் கையுறையும் பெரிய செலவில்லை. மழை மாதங்களில் சீருடை மூன்று செட் வேண்டும். இரண்டு செட் கொடுத்தால் ஒன்று ஈரத்திலேயே உடம்பில் ஏறும்.

ஸ்டாஃப் ரூமில் கரி அடுப்பை வைத்துக் கதவை அடைத்துத் தூங்க விடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். ஆளுக்கு இரண்டு கனமான கம்பளி கொடுத்துவிட்டு, கரிச்சட்டியை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மனக்கவலை பெரும்பாலும் தவணை நாளில் வெளியே தெரியும். குழுக் கடன் வசூல் எந்தக் கிழமை என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 22-ஆம் தேதி, அதுவரை வேலை செய்த நாட்களின் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தால் கந்துவட்டிப் பக்கம் போவது குறையும். திடீரென்று பேச்சு குறைந்தவர், சாப்பாட்டைத் தொடாதவர், காலையிலேயே குடி வாடை அடிக்க வருபவர் யாராவது இருந்தால் தனியே கூப்பிட்டு விசாரியுங்கள். கேட்டது சமையற்கட்டுக்குப் போய்விட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை ஸ்டாஃப் ரூம் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், வெளிப்புறம் வேண்டாம். நின்று குறித்துக்கொள்வதைப் பிறர் பார்க்கக் கூடாது.

ரோடு அடைபட்ட நாள்

யார் பெருமாள்மலையிலிருந்து வருகிறார், யார் பண்ணைக்காட்டிலிருந்து, யார் நாயுடுபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று நாளுக்கு அரிசி, பருப்பு, ஜெனரேட்டர் டீசல், உபரியாக ஒரு 19 கிலோ சிலிண்டர் இருப்பில் இருக்கட்டும். வர முடியாதவருக்கு முதல் இரண்டு நாள் முழுச் சம்பளம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வேலைக்குப் பயந்து யாரும் இருட்டில் மண் சரிந்த பாதையைக் கடக்க மாட்டார்கள். தங்கி வேலை பார்த்தவருக்கு கூடுதல் மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அது சட்டப்படியும் கடமைதான்.

ஒருவரை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால்

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி தகுந்த காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீருங்கள். வேலை அனுபவச் சான்றையும் அன்றே கையெழுத்திட்டுக் கொடுங்கள். மீண்டும் ஆள் எடுக்கும்போது முதல் அழைப்பு இவருக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தால் அதைக் காப்பாற்றுங்கள். மார்ச் முதல் வாரமே போன் செய்துவிடுங்கள். ஏப்ரல் வந்துவிட்டால் நல்ல சமையல்காரர் வேறு லாட்ஜில் அடுப்படிக்குள் நின்றிருப்பார்.