டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு: சுடுவதற்கு முன் குழலை அளப்பது எப்படி?

பழைய ஒற்றைத் தோட்டா ரைபிள்களைச் சேகரிக்கவும் சுடவும் விரும்பும் அமெரிக்கவாழ் அன்பர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டையே. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் 1873 மாதிரியாகத் தொடங்கி 1893 வரை இது தயாரானது. 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளை 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழம்பொருளாகவே கருதுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடக்கூடும் என்பதால் உங்கள் மாநில விதிகளைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வாங்கும்போது

குதிரைப்படையின் கார்பைனுக்கு (குழல் குட்டையான வகைக்கு) சந்தையில் விலை அதிகம் என்பதால், காலாட்படை ரைபிளின் 32 5/8 அங்குலக் குழலை 22 அங்குலமாக வெட்டிக் கார்பைன் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க, குழலுக்குக் கீழே மரத்தண்டின் முன்முனையைப் பாருங்கள். ரைபிளில் குழலைத் துடைக்கும் கம்பிக்கென அங்கே ஒரு வாய்க்கால் ஓடும். அதில் மரச்சீவல் வைத்து ஒட்டி மெருகிட்டிருந்தால், இழையோட்டம் மாறும் இடத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரியும்.

அடுத்து, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் மேல்நோக்கித் திறக்கும் கதவை (இதுதான் ‘டிராப்டோர்’) திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கதவை மூடியபின் அது ஆடக்கூடாது. பெருவிரலால் தள்ளும் பூட்டு முழுமையாக இறங்கி அமர வேண்டும். சுத்தியல் அரைநிலையில் உறுதியாக நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், பழைய துப்பாக்கிகளில் தேர்ந்த கைவினைஞர் பார்த்துச் சொல்லும்வரை சுட வேண்டாம்.

குழலை அளத்தல்

குழலுக்குப் பொருந்தும் குண்டின் அளவை அறியவே இந்த வேலை. தூண்டிலில் கட்டும் மென்மையான ஈயக்குண்டுகளில், குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரியதொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழலுக்குள் எண்ணெய் தடவி, கதவைத் திறந்து வைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து மரச்சுத்தியால் ஈயத்தை உள்ளே இறக்குங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டித் தள்ளினால் அது தோட்டா அறை வழியாக வெளியே விழும். நீண்ட மரக்குச்சியை நான் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. அது இழையோடு சாய்வாகப் பிளந்து ஆப்புப்போல இறுகிவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

ஈயம் கைக்கு வந்தபின்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் இந்த ரைபிளின் குழலில், குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள் மூன்றே உள்ளன; அவற்றுக்கு இடைப்பட்டவை மேடுகள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேரெதிரில் ஒரு மேடுதான் இருக்கும். ஆகவே சாதாரண மைக்ரோமீட்டரில் ஈயத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒருபுறம் பள்ளத்தையும் மறுபுறம் மேட்டையும் சேர்த்தே அளக்கிறோம். 0.455 அங்குலம் என்று வருவதைப் பள்ள விட்டம் என்று நம்பிக் குண்டு வாங்கினால், அது குழலில் சரியாகப் பொருந்தாமல் குறி எங்கெங்கோ சிதறும்.

இதற்கு எளிய வழி, மேடுகளுக்கு இடையிலான விட்டத்தைத் தனியே அளப்பதுதான். குழலின் வாயில் தடையின்றி நுழையும் மிகப்பெரிய பின் கேஜ் (விட்டம் துல்லியமாகக் குறிக்கப்பட்ட உருளைக் கம்பி) எதுவென்று பாருங்கள். ஈயத்தில் கிடைத்த அளவை இரட்டித்து, அதிலிருந்து கேஜின் அளவைக் கழித்தால் உண்மையான பள்ள விட்டம் கிடைக்கும். ஈயம் 0.455, கேஜ் 0.450 என்றால் விடை 0.460 அங்குலம். குண்டு அதே அளவாகவோ 0.001 அங்குலம் பெரிதாகவோ இருக்கலாம். ஆனால் அந்தக் குண்டை வைத்துச் செய்த தோட்டா, தோட்டா அறைக்குள் சிரமமின்றி நுழைய வேண்டும். இந்த வேலைக்கு மைக்ரோமீட்டர்தான் தேவை. வெர்னியர் காலிப்பரை நம்பாதீர்கள்.

தோட்டா

.45-70 என்ற பெயரே .45 அங்குலக் குண்டையும் 70 கிரெயின் (கிரெயின் என்பது ஒரு சிறிய எடை அலகு) கருமருந்தையும் குறிக்கிறது. கார்பைனுக்கு ராணுவம் 55 கிரெயின் மட்டுமே கொடுத்தது. இன்றும் அதே பெயரில் கடைகளில் தோட்டா கிடைப்பதுதான் ஆபத்து, ஏனெனில் அவற்றில் சில ரூகர் நம்பர் 1 போன்ற நவீன ரைபிள்களின் வலிமையை எண்ணி உயர் அழுத்தத்தில் செய்யப்படுபவை. அவற்றை டிராப்டோரில் போடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். டிராப்டோருக்கு ஏற்றது என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். நான் விரும்புவது கருமருந்தும் மென்மையான ஈயக்குண்டும்தான். இந்தக் குழல் அவற்றுக்காகவே பிறந்தது. கருமருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கவே கூடாது.

சுட்டபின்

கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால் அன்றே வாய்ப்பக்கத்திலிருந்து நீரால் துடைத்து, நன்கு உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். துடைக்கும் கம்பி குழலின் வாயில் உரசாதபடி வழிகாட்டி வளையம் அவசியம்.

பின்சேர்க்கை

கணக்கிட்டு வாங்கிய குண்டும் சிறியதாக இருக்கிறதே என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பல ஆண்டுகள் கம்பி உரசித் தேய்ந்த வாய்களில் கேஜ் பெரிதாகக் காட்டும். அதைக் கழிக்கும்போது விடை குறைந்துவிடும். அத்தகைய குழல்களுக்கு, ஒற்றைப்படை எண்ணிக்கையை அளக்கவே செய்யப்பட்ட மூன்று முனைகளில் தொட்டு அளக்கும் வி-ஆன்வில் (V வடிவத் தாங்கி கொண்ட) மைக்ரோமீட்டர் உள்ள பட்டறைக்கு ஈயத்தைக் கொண்டுபோய் அளந்து வாங்குவதே சரியான வழி.