குரூப்ல 62 பேர் இருக்கோம், தொடர்புல எத்தனை பேர்? காலேஜ் செட்டுங்க பண்ற தப்புங்க

போன வருஷம் எங்க செட்ல ஒருத்தனோட அப்பா தவறிட்டாரு. காலைல ஆறரைக்கு குரூப்ல மெசேஜ் வந்துச்சு, மத்தியானத்துக்குள்ள 38 பேரு ஆழ்ந்த இரங்கல், கும்பிடுற கை, தைரியமா இரு மச்சின்னு வரிசையா போட்டாங்க, அதுல நானும் ஒருத்தி. மூணு மாசம் கழிச்சு வேற ஒரு விஷயமா அவன்கிட்ட பேசுறப்ப, நம்ம பசங்க யாராவது வந்தாங்களாடான்னு கேட்டேன். "ரெண்டு பேரு வந்தாங்க, நாலு பேரு போன் பண்ணாங்க, நீ பண்ணல"ன்னான். கோவமா கூட சொல்லல, கடைக்காரர் பாக்கி சொல்ற மாதிரி சொன்னான். அவன் ஊருக்கும் எங்க ஊருக்கும் பஸ்ல ஒன்றரை மணி நேரம்தான்.

நாங்க 2004ல ஈசிஈ முடிச்ச செட். இந்த இருபது வருஷத்துல காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் விஷயத்துல நான் பார்த்த தப்புங்களை எழுதுறேன், பாதி நானே பண்ணதுதான்.

மேல சொன்னதுதான் பெரிய தப்பு. குரூப்ல இருந்தாலே டச்ல இருக்கோம்னு நெனச்சுக்கறது. குரூப்ல கை கும்பிட்டா நம்ம கடமை முடிஞ்ச மாதிரி ஒரு ஃபீலிங் வந்துடுது, அதனாலயே அப்புறம் போன் பண்ண தோணாது. குரூப் இல்லாத காலத்துல விஷயம் நாலு நாள் லேட்டா தெரியும், ஆனா தெரிஞ்சவன் கெளம்பி போவான். சாவு, ஆஸ்பத்திரி, வேலை போச்சு, இந்த மூணுக்கும் குரூப்ல எதுவும் போடாதீங்க, நேரா போன் அடிங்க. எடுக்கலன்னா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுடுங்க, சாவு வீடுன்னா பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ஒரு வாரத்துல மறுபடி அடிங்க. வீட்டுக்கு வந்த கூட்டமெல்லாம் போய் வீடு வெறிச்சுன்னு இருக்குற நேரம் அதுதான்.

அடுத்தது, எல்லாத்தையும் ஒரே ஆப்ல கொட்டி வெக்கிறது. நாங்க காலேஜ் முடிக்கிறப்ப ஸ்லாம் புக்ல எழுதுனது பாதி பேருக்கு பக்கத்து வீட்டு போன் நம்பர் (பிபி நம்பர்னு சொல்லுவோம்). அப்புறம் யாஹூ குரூப்ஸ் ஆரம்பிச்சோம், ஃபேர்வெல் போட்டோவெல்லாம் அங்கதான் ஏத்துனோம், 2019 டிசம்பர்ல அதெல்லாம் அழிக்கறோம்னு சொன்னாங்க, 2020 டிசம்பர்ல சேவையவே இழுத்து மூடிட்டாங்க. நடுவுல ஃபேஸ்புக் மாதிரியே ஆர்குட்னு ஒண்ணு வந்துச்சு, அதுவும் 2014 செப்டம்பர் 30ஓட போச்சு. ஒருத்தரை பத்தி ஒருத்தர் டெஸ்டிமோனியல்னு பக்கம் பக்கமா எழுதுனோமே, ஒண்ணையும் எடுத்து வெக்கல. இப்ப வாட்ஸ்அப். 120 நாள் உபயோகப்படுத்தாத அக்கவுண்ட்டை அவங்களே அழிச்சிடுவாங்க. வெளிநாடு போறவன் இந்தியா சிம்மை ரீசார்ஜ் பண்ணாம விட்டா கொஞ்ச நாள்ல அந்த நம்பர் வேற யாருக்கோ போயிடும். எங்க செட்ல ஒருத்தனுக்கு ரெண்டு வருஷமா பர்த்டே விஷ் அனுப்பிட்டு இருந்தோம், மூணாவது வருஷம்தான், மேடம் நான் ஓசூர்ல லாரி ஓட்டுறேன், நீங்க யாருன்னு பதில் வந்துச்சு. பாவம் அந்த அண்ணன், ரெண்டு வருஷமும் தேங்க்ஸ் சொல்லியிருக்காரு!

அதனால ஒரு சாதாரண ஷீட் போட்டு வெச்சுக்கங்க. பேரு, நம்பர், மெயில், இப்ப இருக்குற ஊரு, கூடவே வீட்டுல இன்னொருத்தர் நம்பர். அந்த இன்னொருத்தர் நம்பர்தான் முக்கியம், போன் மாறினாலும் அம்மாவோ வீட்டுக்காரங்களோ கெடைப்பாங்க. ரெண்டு பேர் பொறுப்புல இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை சரி பாருங்க.

பொண்ணுங்க விஷயத்துல நடக்குற தப்பை யாரும் பேசுறதில்ல, நான் பேசிடறேன். எங்க செட்ல 17 பொண்ணுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா இனிஷியல் போயி வீட்டுக்காரர் பேரு பின்னாடி ஒட்டிக்கும், ஃபேஸ்புக்ல தேடுனா ஆளே கெடைக்காது. பசங்க எங்களை கண்டுபிடிக்க முடியலன்னு விட்டுட்டாங்க, கண்டுபிடிச்சவங்களும் அவ வீட்டுல என்ன நினைப்பாங்களோன்னு பேசாம விட்டுட்டாங்க. அந்த தயக்கத்துல நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு ரெண்டு ரவுண்டு போனதுக்கப்புறம் நாலு பேர் உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டு "ஏய் யார் பேசுறேன்னு சொல்லு பாப்போம்"னு அடிச்சா எந்த வீட்டுலதான் சும்மா இருப்பாங்க? பகல்ல பண்ணுங்க, யார் எடுத்தாலும் பேரு சொல்லி, கூட படிச்சவன், இந்த ஊர்ல இருக்கேன்னு சொல்லுங்க, மாமியார் எடுத்தா ரெண்டு வார்த்தை அவங்ககிட்டயும் நல்லா பேசுங்க. இன்னொண்ணு, பொண்ணுங்களுக்கு தனி குரூப், பசங்களுக்கு தனி குரூப்னு பிரிச்சுட்டா முக்கியமான சேதி எங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் வரும். தனி குரூப் இருக்கட்டும், ஆனா பொது குரூப்பை வெறும் குட்மார்னிங் பூ போடுற எடமா ஆக்கிடாதீங்க.

பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர்கிட்ட முதல் தடவை பேசறப்ப "என்ன மறந்துட்டியா", "பெரிய ஆளாயிட்ட, நாங்கெல்லாம் கண்ணுக்கு தெரிவோமா"ன்னு ஆரம்பிக்காதீங்க. பாசத்துலதான் கேக்கறோம், ஆனா அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு குத்தம் சொல்ற மாதிரிதான் இருக்கும், அடுத்த தடவை உங்க பேரு ஸ்கிரீன்ல வந்தாலே சைலண்ட்ல போடுவான். பேக்கேஜ் எவ்வளவு, சொந்த வீடா வாடகையா, ஏன் இன்னும் குழந்தை இல்ல, இதெல்லாமும் அப்படித்தான். பழைய ஞாபகத்துல ஒரு சின்ன விஷயத்தை எடுத்து ஆரம்பிச்சா போதும். மெஸ்ல செவ்வாக்கெழமை சப்பாத்தியை வெச்சு நான் ஒருத்திகிட்ட முக்கா மணி நேரம் பேசியிருக்கேன்.

பட்டப்பேரும் கவனம். கலரை வெச்சு, ஜாதியை வெச்சு, அரியர் எண்ணிக்கையை வெச்சு அப்ப கூப்ட்ட பேரு, அப்பவே அவனுக்கு புடிச்சுதான்னு நாம கேட்டதே இல்ல. இப்ப அவன் பையன் பக்கத்துல நிக்கிறான்.

உதவி கேக்கறதே தப்பில்ல, வேலைக்கு ரெஃபரல் கேக்கறதுக்கு கூட படிச்சவன விட்டா வேற யாரு இருக்கா. சுத்தி வளைக்கறதுதான் தப்பு. ரெண்டு நாள் நலம் விசாரிச்சுட்டு மூணாவது நாள் இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்தா, அந்த ரெண்டு நாள் விசாரிப்பும் பொய்யாயிடும். "ரொம்ப நாள் கழிச்சு பேசறேன், ஒரு உதவி வேணும்டா, முடியலன்னா பரவால்ல"ன்னு முதல் வரியிலயே போட்டுடுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

இப்ப கெட் டுகெதர். இதுல நாங்க அஞ்சு தடவை பிளான் போட்டு மூணு தடவை சொதப்பியிருக்கோம். முதல் சொதப்பல், எல்லாருக்கும் தோதான தேதிதான் வேணும்னு உக்காந்தது. அப்படி ஒரு தேதி கிடையாது. ரெண்டு தேதி மட்டும் கொடுத்து வாட்ஸ்அப்ல ஓட்டு போடுற போல்ல (poll) ஒரு வாரம் டைம் வெச்சு முடிவு பண்ணிட்டு, வரமுடியாதவங்க வீடியோ கால்ல வரட்டும்னு விட்டுடணும். ரெண்டாவது சொதப்பல், தை மாசத்துல வெச்சது, பாதி பேருக்கு சொந்தத்துல கல்யாணம், மண்டபமும் கெடைக்கல. யோசிச்சு பாத்தா ஆடிதான் சரியான மாசம், முகூர்த்தம் இல்லாததால மண்டபம் சும்மா கெடக்கும், வாடகையிலயும் பேசி குறைக்கலாம், வளைகுடாவுலயும் அமெரிக்காவுலயும் ஸ்கூல் லீவும் அந்த நேரந்தான். அது முடியலன்னா மார்கழி, அதாவது டிசம்பர் கடைசி, இங்க அரையாண்டு லீவு. ட்ரெயின்ல வர்றவங்களுக்கு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் புக்கிங் ஓப்பன் ஆகுது (2024 நவம்பருக்கு முன்ன 120 நாள் இருந்துச்சு), அதனால தேதிய அதுக்கு முன்னாடியே சொல்லிடணும், புக்கிங் ஓப்பன் ஆகுற அன்னிக்கு குரூப்ல ஒரு தடவை கத்தணும்.

வீடியோ கால்னு சொன்னேன்ல, துபாய்ல இருக்கவங்களுக்கு வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, அங்க தடை. நாங்க இது தெரியாம ஒருத்தன் வேணும்னே எடுக்கலன்னு ஒரு வருஷம் திட்டிட்டு இருந்தோம். நம்ம நேரம் ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டரைன்னா துபாய்ல ஏழு, சிங்கப்பூர்ல பதினொண்ணு, கோடைல லண்டன்ல சாயங்காலம் நாலு, கலிஃபோர்னியால காலைல எட்டு. இதவிட நல்ல நேரம் நான் பாக்கல. சிங்கப்பூர்காரன் மட்டும் கொட்டாவி விடுவான்.

பணம் வசூல் பண்றப்ப ஒருத்தர் அக்கவுண்ட்ல போட்டுட்டு கணக்கு கேக்காம விடறது பெருந்தன்மை இல்ல, அவனை மாட்டி விடறது. எங்க செட்ல ஒருத்தி ஆஸ்பத்திரில இருந்தப்ப மூணு லட்சம் சேத்தோம். நல்ல வேளையா ஒரு ஆடிட்டர் தோழி முன்னாடியே சொன்னா, சொந்தக்காரங்க இல்லாதவங்க கொடுக்கற பணம் ஒரு நிதியாண்டுல மொத்தம் 50,000 ரூபாயை தாண்டினா அது முழுசும் வாங்கினவங்க வருமானமா கணக்குல வரும், ஃப்ரெண்ட்ஸ் சட்டத்துல சொந்தம் இல்லன்னு. அதனால யார் எவ்வளவு போட்டாங்க, எந்த பில்லுக்கு போச்சுன்னு அன்னன்னிக்கே ஷீட்ல ஏத்துனோம், முடிஞ்ச வரைக்கும் பில் கவுண்டர்லயே நேரா கட்டுனோம். இதே மாதிரி தனிப்பட்ட கடன் குரூப்ல கேக்காதீங்க, கொடுத்ததையும் குரூப்ல கேக்காதீங்க. திரும்பி வரலன்னாலும் பரவால்லங்கிற தொகைய மட்டும் கொடுங்க.

செட் குரூப்ல இருக்குற நம்பிக்கைய வெச்சே ஏமாத்துறவங்க இருக்காங்க. கூட படிச்சவன் அக்கவுண்ட்ல இருந்தே "தப்பா ஒரு ஆறு நம்பர் கோட் உனக்கு வந்துருச்சு, அனுப்பு"ன்னு வரும், அனுப்புனா உங்க வாட்ஸ்அப் போச்சு, அடுத்து உங்க பேர்ல மத்தவங்ககிட்ட அவசரமா 20,000 கேப்பான். கோட் யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (கூடுதலா ஒரு பின் நம்பர்) போட்டு வெய்யுங்க, பணம் கேட்டா சாதா கால்ல அடிச்சு வார்டனுக்கு நாம வெச்ச பேரு என்னடான்னு கேளுங்க. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

அந்த "நீ பண்ணல"வுக்கு அப்புறம் நான் ஒண்ணு ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கெழமைக்கு ஒருத்தர், ரோல் நம்பர் வரிசைல. எடுத்த உடனே முக்காவாசி பேரு கேக்கறது "என்ன விஷயம், ஏதாவது பிரச்சனையா?"ன்னுதான். "ஒண்ணுமில்லடா, வரிசைல உன் டர்ன்"னா சிரிக்கிறாங்க, அப்புறம் வைக்க மாட்டேங்கறாங்க. 23ஆம் நம்பர்காரன் ரெண்டு வாரமா எடுக்கல. ஷீட்ல அவன் அம்மா நம்பர் இருக்கு, இந்த ஞாயிறு அதுக்கு அடிக்கணும்.