குழந்தையின் மெடிக்கெய்டு காப்பீட்டில் தாய்க்கு மனச்சோர்வுப் பரிசோதனை பெறுவது எப்படி?

அமெரிக்காவில் நிகழும் பிரசவங்களில் பத்தில் நான்கிற்கு மெடிக்கெய்டு என்னும் அரசுக் காப்பீடே செலவை ஏற்கிறது. அக்காப்பீட்டில் உள்ள தாய்மார்கள், பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டறியும் பரிசோதனையைத் தம்முடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் அதைவிட எளிதான இடம் குழந்தை நல மருத்துவரின் அறைதான்.

பிரசவத்துக்குப் பின் தனக்கான மருத்துவச் சந்திப்பைத் தள்ளிப்போடும் தாயும் குழந்தையின் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதில்லை. அதனால்தான் குழந்தையின் 1, 2, 4, 6 மாதப் பரிசோதனைகளின்போது தாயின் மனநிலையையும் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. இதைக் குழந்தைக்கான சேவையாகவே கொண்டு, குழந்தையின் மெடிக்கெய்டிலிருந்து கட்டணம் பெற மாநிலங்கள் அனுமதிக்கலாம் என 2016 மே மாதம் மத்திய அரசு விளக்கமளித்தது. பிரசவத்தின்போது மெடிக்கெய்டு பெற்றிருந்த தாயின் குழந்தைக்கு ஒரு வயது வரை காப்பீடு தானாகவே கிடைப்பதால், தாயின் காப்பீடு முடிந்த பிறகும் இவ்வழியை அனுமதிக்கும் மாநிலங்களில் பரிசோதனை பெற முடியும். வரவேற்பு மேசையில் இருப்பவர் தயங்கினால், 96161 என்ற கட்டணக் குறியீட்டின்கீழ் குழந்தையின் பெயரில் பதிவு செய்ய இயலுமா என்று கேளுங்கள்; கட்டணப் பிரிவினருக்குப் பழக்கமான எண் அது.

பல இடங்களில் தரப்படுவது எடின்பரோ படிவம். கடந்த ஏழு நாள்களைப் பற்றிய 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 10 அல்லது 13-ஐ எட்டினாலோ தாண்டினாலோ, இடத்துக்கு இடம் வேறுபடும் அளவின்படி, மேற்கொண்டு மதிப்பீடு செய்வார்கள். படிவம் மட்டுமே நோயை உறுதிசெய்வதில்லை. பத்தாம் கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு விடை அளித்தால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே என்றால் மனநெருக்கடிக்கான உதவி எண்ணான 988 என்பதையோ, இரவும் பகலும் இயங்கும் தாய்மார் மனநல உதவி எண்ணான 1-833-852-6262 என்பதையோ அழைக்கலாம். ஆங்கிலம் தடையானால் கட்டணமற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கோருங்கள். மாமியாரோ கணவரோ உடனிருந்து மொழிபெயர்த்தால் அந்தப் பத்தாம் கேள்விக்கு மனம்திறந்த விடை வருவது அரிது.

சிக்கல் பெரும்பாலும் இதற்குப் பிறகே தொடங்குகிறது. பரிசோதனையைக் குழந்தையின் காப்பீடு ஏற்றாலும், தாய்க்கு மட்டுமே உரிய மருந்தையும் ஆலோசனையையும் அது ஏற்காது. குழந்தையின் நலனுக்காகத் தாயும் குழந்தையும் சேர்ந்து பெறும் குடும்ப ஆலோசனை போன்றவற்றுக்கே அதில் இடமுண்டு. ஆகவே தாயின் சொந்தக் காப்பீடு எதுவரை உள்ளது என்பது முக்கியம். முன்பு பிரசவத்துக்குப் பின் 60 நாள்களே கிடைத்த பாதுகாப்பை 12 மாதங்களாக நீட்டிக்க 2022 ஏப்ரல் முதல் சட்டம் இடமளிக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்தும் விட்டன. உங்கள் மாநில மெடிக்கெய்டு அலுவலகத்திடம் முடிவுத் தேதியை எழுத்தில் கேட்டு வாங்கி, மனநல மருத்துவருடனான முதல் சந்திப்பை அத்தேதிக்குப் பல வாரங்கள் முன்னதாகவே அமையுமாறு பதிவு செய்யுங்கள்.