வட்டிக் கணக்கு முதல் தேவைக் கோடு வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஜூனிலும் பதினொன்றாம் வகுப்பு வணிகவியலுக்கும் பொருளியலுக்கும் டியூஷன் வருகிற பிள்ளைகள் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சூத்திரத்தை மறப்பது, தசமப் புள்ளியை மாற்றிப் போடுவது எல்லாம் நாளடைவில் தானே சரியாகிவிடும். முழு மார்க் வாங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லா 12 சதவீதமும் ஒன்று என்று நினைப்பது

என்னிடம் படித்த பையன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்த கையோடு பைக் லோன் போட்டுவிட்டு, அந்தப் பேப்பர்களோடு வந்தான். ஒரு லட்சம் கடன், மூன்று வருஷம், 12 சதவீதம் ஃப்ளாட் வட்டி (முழு அசலுக்கும் கடைசிவரை போடுகிற வட்டி), மாதம் 3,778 ரூபாய். "நானே கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் சார், சரியா வருது" என்றான்.

சரியாகத்தான் வரும். அசலை வருஷத்தாலும் வட்டி வீதத்தாலும் பெருக்கி நூறால் வகுக்கிற பள்ளிக்கூடச் சூத்திரப்படி வட்டி 36,000. மொத்தம் 1,36,000. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் அதே தவணை. எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இங்கேதான். முழு அசலும் கடைசி நாள்வரை நம் கையில் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். தவணைக் கடனிலோ முதல் மாதத்திலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. இதை யாரும் வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை.

கடைசித் தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி அப்போது பாக்கி நிற்கிற அசல் 2,778 ரூபாய். அந்த ஒரு மாதத்துக்கு வட்டி 1,000 ரூபாய்! மாதத்துக்கு நூற்றுக்கு முப்பத்தாறு வட்டி என்று ஊரில் யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுவோம்.

குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் 12 சதவீதம் போட்டிருந்தால் தவணை சுமார் 3,321 ரூபாய், மொத்த வட்டி ஏறக்குறைய 19,570. அவன் வாங்கிய கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். எக்செல்லில் ரேட் ஃபங்ஷனுக்கு 36, -3778, 100000 என்று கொடுத்து, வரும் விடையை 12 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

2024 அக்டோபர் 1 முதல், புதிதாகத் தரும் சில்லறைக் கடன்களுக்கு ஏபிஆர் குறிப்பிட்ட கேஎஃப்எஸ் என்ற விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டிதான் ஏபிஆர். அவனுக்கும் அந்தத் தாளைக் கொடுத்திருந்தார்கள். அவன் பார்த்தது மாதத் தவணையை மட்டும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

2025 பிப்ரவரியில் ரெப்போ வீதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 6.5 சதவீதத்திலிருந்து 6.25 ஆனது. குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொல்வதானால் கிட்டத்தட்ட 3.85.

பணவீக்கம் குறைந்தால் விலை குறையும் என்பது

குறையாது. ஏறுகிற வேகம்தான் குறையும். 100 ரூபாய்ச் சாமான் ஒரு வருஷம் 6 சதவீதம் ஏறி 106 ஆகி, அடுத்த வருஷம் 4 சதவீதம் ஏறினால் 110 ரூபாயைத் தாண்டிவிடும்.

லாபமும் ரொக்கமும்

வேறு வேறு. கடனுக்கு விற்றதும் லாபத்தில் சேரும், கல்லாவுக்கு வராது.

தேவைக் கோட்டை நகர்த்துவது

எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக் கோடு. பெட்ரோல் விலை ஏறினால் பெட்ரோலின் தேவைக் கோடு நகராது. அதே கோட்டில் மேலே போகிறோம், அவ்வளவுதான். நகருவது பெட்ரோலோடு சேர்ந்தே பயன்படுகிற பைக்கின் தேவைக் கோடு, இடப்பக்கமாக.