புது ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இறுக்கமாக இருக்கிறதா? எண்ணெய் ஊற்றாதீர்கள்

அமெரிக்காவில் கௌபாய் ஷூட்டிங் (பழைய கௌபாய் காலத்துப் பாணித் துப்பாக்கிகளால் சுடும்) போட்டிக்குப் போகிறவர்கள் கையால் தைத்த ஹோல்ஸ்டரை ஆசையாக வாங்கி, துப்பாக்கி இறுக்கமாக உட்காருகிறது என்றதும் அதில் எண்ணெயைத் தடவிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தோல் தொளதொளவென்று ஆகிவிட்டால் பழைய விறைப்பு திரும்பி வராது, உறையின் வாயும் மடங்கிக்கொள்ளும், அப்புறம் ரிவால்வரைத் திரும்ப உள்ளே வைக்கும்போது ஒவ்வொரு முறையும் தடுமாற வேண்டியதுதான்.

குண்டு ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, ரிவால்வரை மெழுகுத்தாளில் சுற்றி உறைக்குள் மெதுவாகத் திருகி இறக்கி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே வைக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பில் துரு ஏறிவிடும்.

ஹோல்ஸ்டரை மாட்டும் பெல்ட்டுக்குப் பேன்ட் அளவைச் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். கன் பெல்ட் இடுப்புக்குக் கீழே, துணிக்கு மேல் உட்காருவது, அங்கேயே டேப் வைத்து அளந்து, அந்த அளவு நடு ஓட்டையில் வருகிற மாதிரி கேளுங்கள்.

முக்கியமான இன்னொன்று: இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான, 1987-ல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி, இடுப்பில் கட்டியிருக்கும்போது ஹோல்ஸ்டர் செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்வாகத் தொங்கும் உறை கண்ணுக்கு அழகுதான், ஆனால் அளவுக்கு மேல் சாய்ந்தால் போட்டிக்கு ஆகாது, அதனால் பணம் கட்டும் முன்பே தைப்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.