பழைய புகைப்படத்தை ஆய்வில் எடுத்தாளும் முன்

ஆய்வுக்குப் பழைய புகைப்படம் தேடும்போது காப்புரிமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்கிறோம். சரி, அது தேவைதான். ஆனால் பாதி வேலைதான்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங்கே, பிழைப்புத் தேடி அலைந்த ஓர் ஏழைப் பெண்ணைப் பிள்ளைகளோடு எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணிக்காக எடுத்த படம் என்பதால் காப்புரிமைத் தடை இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் யாரும் இறக்கலாம். படக்குறிப்பிலோ அந்தப் பெண்ணின் பெயரே இல்லை. ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32, அவ்வளவுதான். அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. கார் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதியதைக் குடும்பத்தினர் மறுத்தார்கள். ஆக, படக்குறிப்பும் ஒருவர் சொன்ன கூற்றுதான். அதை மேற்கோளாகவே போடுங்கள், பின்னால் வந்த மறுப்பையும் சேர்த்து.

கீழ் வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் சில பிரதிகளில் தெளிவாக இருக்கும், சிலவற்றில் மங்கலான தடம் மட்டும். லாங்கே பிற்பாடு அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். எனவே எந்தப் பிரதி என்பதை நூலக எண்ணோடு குறித்துவையுங்கள். கூகுளில் கிடைத்த வெட்டிய பிரதி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அதே இடத்தில் எடுத்த மற்ற படங்களையும் பாருங்கள். கூடாரமும் சாமான்களும் அவற்றில்தான் தெரிகின்றன.