மேகசின் முதலில், காக்கிங் அப்புறம்: புதுக் காவலர்களுக்கு ஆயுதப் பழக்கம்

ஆயுதப்படையில் ஆயுதப் பயிற்சி ஆசிரியராக இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். ரெக்ரூட் பள்ளியை முடித்து முதல் கார்டு (காவல் நிற்கும்) டூட்டிக்குப் போகப்போகிற தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். குறி பார்த்துச் சுடுவது பற்றிப் பிறகு கொஞ்சம் சொல்கிறேன். முதலில் துப்பாக்கியைக் காலி செய்வது. சுடுதளத்தில் பக்கத்திலேயே ஆசிரியர் நிற்பார், சிவப்புக் கொடி பறக்கும், எல்லார் கவனமும் ஆயுதத்திலேயே இருக்கும். கருவூல கார்டிலோ, கைதி எஸ்கார்ட் முடிந்து திரும்பும் வேனிலோ அப்படி இருக்காது. டூட்டி முடிகிற அலுப்பில், வீட்டு ஞாபகத்தில், பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே ஆயுதத்தைக் காலி செய்கிற நேரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அந்த நேரத்துக்கான வரிசை இது. துப்பாக்கியை எடுத்ததும் விரல் ட்ரிகரில் இருக்கக்கூடாது. ட்ரிகர் கார்டுக்கு மேலே, பாடியை ஒட்டி நீட்டி வையுங்கள். குழல்முனை மணல் பீப்பாயையோ மணல் மூட்டையையோ பார்த்திருக்கட்டும். சேஃப்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியை, கழற்றி இடுப்புப் பவுச்சில் போடுங்கள். கையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைச் செய்ய வேண்டாம். அதற்குப் பிறகே போல்ட்டை இழுக்கும் கைப்பிடியான காக்கிங் ஹேண்டிலை முழுதாகப் பின்னால் இழுக்க வேண்டும், இரண்டு மூன்று முறை. கடைசி முறை போல்ட்டைப் பின்னாலேயே நிறுத்தி, தோட்டா போய் உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். ராத்திரியானால் டார்ச் அடித்துப் பாருங்கள். கூட இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பேரும் ‘காலி’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு போல்ட்டை முன்னால் விட்டு, முனை மணலைப் பார்த்தபடியே ட்ரிகரை அழுத்தி ஸ்பிரிங்கைத் தளர்த்தி, சேஃப்டியில் போடுங்கள்.

மேகசின் முதலில் ஏன் என்று பலர் யோசிப்பதே இல்லை. மேகசின் மாட்டியிருக்கும்போதே காக் பண்ணினால், சேம்பரில் இருக்கிற ரவுண்ட் (தோட்டா) வெளியே தெறிக்கும். கண்ணெதிரே ஒரு ரவுண்ட் கீழே விழுந்ததைப் பார்த்ததும், துப்பாக்கி காலியாகிவிட்டது என்று மனசு முடிவு கட்டிவிடும். ஆனால் போல்ட் முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டைச் சேம்பருக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கும். அதற்கப்புறம் மேகசினைக் கழற்றி என்ன பயன்? ஆள் நிம்மதியாக ட்ரிகரை அழுத்துவார், வெடிக்கும். முனை மணலில் இருந்தால் சத்தத்தோடு போகும். முனை எதிரே கட்டிலில் உட்கார்ந்திருக்கும் சக காவலரைப் பார்த்திருந்தால் ஒரு குடும்பம் போகும். செய்தியில் ‘துப்பாக்கி தவறுதலாக வெடித்தது’ என்று எழுதுவார்கள். நல்ல நிலையில் இருக்கிற துப்பாக்கி தானாக வெடிக்காது. வரிசை மாறியிருக்கும், அல்லது விரல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்திருக்கும். கவனக்குறைவால் ஒருவர் இறந்துபோனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. சீருடை போட்டிருப்பதால் அது குறையாது.

கார்டு ரூம் வாசலில் மணல் பீப்பாய் இல்லையென்றால் ஏட்டய்யாவிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. டைல்ஸ் தரையையோ கருங்கல் சுவரையோ பார்த்துக் காலி செய்யாதீர்கள். குண்டு திரும்பித் தெறிக்கும். வானத்தைப் பார்த்தும் வேண்டாம். மேலே போனது எங்கேயாவது வந்து விழத்தான் செய்யும்.

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு குணம் உண்டு. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். பிஸ்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய பிரௌனிங் ஹை-பவர் மாதிரியில் செய்தது, மேகசினில் 13 ரவுண்ட் பிடிக்கும். மேகசினைக் கழற்றிவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாதபடி உள்ளே ஓர் அமைப்பு இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த அதுவே இரண்டு விதத்தில் ஆளைக் கவிழ்க்கும். ஒன்று, மேகசின் இல்லாவிட்டால் துப்பாக்கி சுடாது என்று பழகிப்போனவர் சேம்பரைப் பார்ப்பதை விட்டுவிடுவார். உள்ளே ரவுண்ட் இருந்தபடியே பிஸ்டலைக் கொடுப்பார், வாங்கியவர் மேகசினை மாட்டியதும் அது சுடத் தயாராகிவிடும். இன்னொன்று, அதே நினைப்போடு எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே. ரைஃபிள் எதையாவது கையில் எடுப்பார். அவற்றில் மேகசின் இல்லாமலேயே சேம்பரில் இருக்கிற ஒரு ரவுண்ட் சுடும். குளோக் பிஸ்டலும் அப்படித்தான். அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்கே ட்ரிகரை அழுத்தியாக வேண்டும் என்பதால் அதில் சேம்பரை இரண்டு முறை பார்க்கச் சொல்வேன்.

9 எம்.எம்.மில் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) பின்னால் இழுத்து ஸ்லைடு ஸ்டாப்பில் மாட்டி நிறுத்துங்கள். கண்ணால் பார்த்ததோடு விடாமல் சுண்டுவிரலால் சேம்பரைத் தடவிப் பாருங்கள். ஸ்லைடை முன்னால் விட்ட பிறகும் ஹாமர் (பின்னாலிருக்கும் சுத்தி) நிமிர்ந்தே நிற்கும். அதைத் தளர்த்த வேண்டுமானால் ஒரு மேகசினை மாட்ட வேண்டும். மாட்டுகிற மேகசின் காலியா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். நிறைத்த மேகசின் இடது பவுச்சில், காலி மேகசின் வலது பவுச்சில் என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொண்டால் இருட்டிலும் கை தடுமாறாது.

ஏ.கே.யில், சுடும் முறையை மாற்றும் செலக்டர் லீவர் வலது பக்கம். மேலே இருந்தால் சேஃப்டி. அந்த நிலையில் போல்ட்டை முழுதாக இழுக்க முடியாது, அதனால் காலி செய்ய லீவரை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு படி இறக்கினால் ஆட்டோமேடிக் (தொடர்ச்சியாகச் சுடும்), கடைசி வரை இறக்கினால்தான் சிங்கிள் (ஒவ்வொன்றாகச் சுடும்). சிங்கிள்தான் முதலில் வரும் என்று நினைத்து ஒரு படியோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து 6 அறைகளையும் பாருங்கள், அவ்வளவுதான்.

ஆயுதத்தை மாற்றிக்கொள்ளும்போது, ஒப்படைப்பவர் காலி செய்து காட்ட வேண்டும், வாங்குபவர் தானே மறுபடி பார்க்க வேண்டும். கொடுப்பவர் சீனியராக இருந்தாலும், அய்யாவே கொடுத்தாலும், ‘பார்த்துக்கிறேன்யா’ என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பட் நம்பரையும் (துப்பாக்கியின் அடையாள எண்) ரவுண்ட் எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வேனில் ஏறும்போது குழல்முனையை யார் காலுக்கும் வயிற்றுக்கும் நேராக வைக்கக்கூடாது. ஏறி இறங்குகையில் கைதி இருக்கிற பக்கம் துப்பாக்கி இருக்கவே கூடாது. பிஸ்டலுக்கு லேன்யார்டு (பிடிக் கயிறு) கட்டுங்கள். பி.எஸ்.ஓ. (தனிப் பாதுகாவலர்) டூட்டியில் பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துப் போகிற நிலை வந்தால் பிஸ்டல் ஒரு பூட்டில், ரவுண்ட் வேறொரு பூட்டில். தலையணைக்கு அடியில், பீரோ மேலே எல்லாம் குழந்தைகள் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

இனி சுடுதளம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கிப் பயிற்சி நடந்தபோது, தளத்தைத் தாண்டிப் போன குண்டு ஊருக்குள் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். எஸ்.எல்.ஆர். குண்டு தடையில்லாமல் போனால் 3 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதனால் டார்கெட்டுக்குப் பின்னால் ஸ்டாப் பட் (குண்டைத் தடுக்கும் மண்மேடு) இருக்கிறதா, அதன் மண் சரிந்திருக்கிறதா, அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று சுடுகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். அது பெரிய அதிகாரிகள் வேலை என்று இருந்துவிடாதீர்கள். ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், யார் கண்ணில் பட்டாலும் ‘ஸ்டாப்’ என்று கத்துங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ரெக்ரூட்டுக்கும் உரிமை உண்டு. ‘ஸ்டாப்’ கேட்டதும் விரல் வெளியே, சேஃப்டி ஆன், முனை ஸ்டாப் பட் பக்கமே இருக்கட்டும். யார் கூப்பிட்டாலும் துப்பாக்கியோடு உடம்பைத் திருப்பாதீர்கள். கழுத்தை மட்டும் திருப்புங்கள்.

சுட்டும் வெடிக்காவிட்டால் உடனே காக் பண்ண வேண்டாம். சில ரவுண்ட் தாமதமாக வெடிக்கும். முனையை டார்கெட்டிலேயே வைத்து 30 விநாடி பொறுங்கள், கை தூக்குங்கள், ஆசிரியர் வருவார். அதைவிட மோசமானது, வழக்கமான சத்தமில்லாமல் ‘புஸ்’ஸென்று போவது. குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டைச் சுட்டால் பேரல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். சத்தம் கொஞ்சம் வித்தியாசப்பட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

குறி விஷயத்தில் புதுப் பிள்ளைகளைக் கெடுப்பது பயம்தான். எஸ்.எல்.ஆர். தோளில் உதைக்கும் என்று தெரிந்ததும் வெடிப்பதற்கு முன்பே கண்ணை மூடி, தோளை முன்னால் தள்ளி, ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். எல்லா ஷாட்டும் கீழே போகும். பார்வை சரியில்லை, ரைஃபிள் சரியில்லை என்பார்கள். நான் மேகசினில் அவருக்குத் தெரியாமல் இடையிடையே டம்மி ரவுண்ட் (மருந்தில்லாத போலித் தோட்டா) வைத்துக் கொடுப்பேன். டம்மி வரும்போது வெடிக்காது, ஆனால் முனை மட்டும் கீழே குதிக்கும். திட்டாமலே தப்பு எங்கே என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்கு மருந்து டிரை பிராக்டீஸ், அதாவது தோட்டா இல்லாமல் பழகுவது. ரவுண்ட் எதுவும் இல்லாத இடத்தில், மேலே சொன்னபடி காலி செய்து பார்த்துவிட்டு, பேரலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து அது விழாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். ஃபோர்சைட் (முன் குறி) முனை தெளிவாகத் தெரிய வேண்டும், டார்கெட் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. ரைஃபிளின் பின்பகுதியான பட்டைத் தோள் குழியில் இறுக்கி வையுங்கள். தளர்வாக வைத்தால்தான் வலிக்கும். பெண் காவலர்கள் பலருக்கு பட் நீளமாகத் தோன்றும். இடது கையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து, முழங்கையை ரைஃபிளுக்கு நேர் கீழே வைத்தால் சரியாகிவிடும். காதில் அடைப்பான் இல்லாமல் சுடாதீர்கள். இந்த வயதில் எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

சுத்தம் செய்யும் இடத்தில் உயிருள்ள ரவுண்ட் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இது முதல் விதி. புல்த்ரூவை (துணி கட்டிய சுத்தக் கயிறு) சேம்பர் பக்கத்திலிருந்து போட்டு முனை வழியே ஒரே இழுப்பாக இழுங்கள், பாதியில் நிறுத்தினால் துணி சிக்கும். எண்ணெய் லேசாகப் போதும். சுடப் போவதற்கு முன் பேரலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூட வேலை பார்க்கிறவர் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது’ என்கிற மாதிரி பேசினால், அன்றைக்கு அவர் கைக்கு ஆயுதம் போகக்கூடாது. தனியாக விடாமல் கூடவே இருந்து, அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். ரிசர்வ் இன்ஸ்பெக்டரிடம் சொல்லி ஆயுதமில்லாத டூட்டி வாங்கிக் கொடுத்து, டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காட்டிக்கொடுத்ததாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். ஆசிரியராக இருக்கிறவர்களும் ரைஃபிளின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்கிற அதே வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

சுடுதளத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் காலிக் கேஸ்களை (சுட்ட தோட்டாக் கூடுகளை) எண்ணிக் கொடுத்த பின், ஒவ்வொருவரும் ‘என்னிடம் ரவுண்டோ காலிக் கேஸோ இல்லை அய்யா’ என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் பேன்ட் பாக்கெட், சட்டைப் பை, பவுச் மூன்றையும் வெளியே இழுத்துக் காட்டுங்கள். ஷூவுக்குள்ளும் பாருங்கள், பக்கத்து ஆள் சுட்ட கேஸ் தெறித்து உள்ளே போயிருக்கும். கணக்கில் ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை வேன் கிளம்பாது, எல்லாரும் சேர்ந்து புல்லில் தேட வேண்டியதுதான்.